படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது

அரிமளத்திலிருந்து ஆவுடையார்கோவில் அப்படியொன்றும் தூரமில்லை, மேடம். ஆனால் அறந்தாங்கியில் இறங்கி பஸ் மாற வேண்டும். நான் போய் இறங்கும்போது எப்போதும் ஒரு பஸ் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருக்கும். தாமதத்துக்கு அதுதான் காரணம். ஃபேனை நிறுத்த வேண்டாம், அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவாக இல்லை.

நீங்கள் ஃபோனில் சொன்னது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. "ஒங்க ஃப்ரெண்டு சார்லஸ் காலையிலயே ஸ்டேஷனுக்கு வந்துட்டாருங்க. எங்கப்பாவ நாந்தான் கொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டு எந்திரிக்க மாட்டேங்குறாரு. நீங்க வந்து, அது மெசின் கோளாறு, யாரும் வேணும்னு செய்யலைன்னு ஒரு ஸ்டேட்மெண்ட் குடுத்தீங்கன்னா, நீங்களே கூட்டிட்டுப் போயிரலாம்" என்றீர்கள். அக்கறையோடுதான் சொன்னீர்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டு அவனை அழைத்துப் போகலாம் என்றுதான் கிளம்பினேன்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஏன்டா இம்புட்டுத் தூரம் வந்த? ஒனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேனே" என்றான்.

அவன் எழுதியதை நீங்கள் படிக்கத் தந்தீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு வாக்கியத்தைத் தவிர. 'சூர்யபிரகாஷ் என்மேல் இருந்த நம்பிக்கையில் படித்துப் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டான்' என்று எழுதியிருக்கிறான். அது தவறு. நான் எதையும் படிக்காமல் சரி என்று சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்காகத்தான் பேசுகிறேன்.

முதலில் ஊற்று என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரோ ஃபோனோ, எந்த மெசினாக இருந்தாலும் அடியில் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற எதுவும் ஓடாது. ஊற்று என்பது சின்ன மெசின்களுக்கான ஆபரேட்டிங் சிஸ்டம். நானும் சார்லஸும் புதுக்கோட்டையில் ஒன்றாகப் படித்த காலத்தில் தொடங்கியது. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ அனுப்புகிறார்கள். ஆனால் அனுப்புவதெல்லாம் உள்ளே போய்விடாது. ஒருவர் எழுதினால் இன்னொருவர் வரிவரியாகப் படிக்க வேண்டும். படித்தவர், 'படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்று எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். அந்த விதியை வைத்தவன் நான். பெரும்பாலும் படித்தவனும் நான்தான். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவேன். கடுமையானவன் என்று பெயர் இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

சார்லஸ் வேறு மாதிரி. வேகமாக எழுதுவான். புதிதாக வருகிறவர்கள் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாலும் நாலு தடவையும் பதில் சொல்வான். தன் வேலையில் யாராவது குறை சொன்னால், "அட, ஆமாங்க" என்று ஒத்துக்கொண்டு சரிசெய்துவிடுவான். வெட்கமே படமாட்டான். எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

போலந்திலிருந்து எழுதுகிற ஒருவர் ஒரு நாள், ஊற்றுக்கு எழுதுகிறவர்களின் குழுவில் ஒரு யோசனை சொன்னார். ஊற்றுக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்ற கடைசி முடிவை இனி சார்லஸ் எடுக்கட்டும், சூர்யபிரகாஷ் களைத்துப்போய்விட்டார் என்றார். நான் களைத்துப்போகவில்லை. ஆனால் ஒவ்வொருவராக அதை ஆமோதித்தார்கள். நான் பல வருடங்களாக யாருடைய எழுத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தேனோ அவர்களும் ஆமோதித்தார்கள். ஊற்றின் அடுத்த பதிப்பு ரிலீஸ் ஆனதும் முடிவு செய்யலாம் என்று ஆனது.

அன்றே சார்லஸ் எனக்கு ஃபோன் செய்தான். "எனக்கு இதெல்லாம் வேணாம்டா, நீயே பாத்துக்க. நீ இல்லாட்டி ஊற்று ஏது?" என்றான். மனதாரத்தான் சொன்னான். பொறாமை என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பொறாமைப்படுகிற அளவுக்கு அவன் என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்தால்கூட வேண்டாம் என்றான்.

அந்த ரிலீஸுக்காக அவன் ஒரு திருத்தம் எழுதினான். திருச்சிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி, ஆக்சிஜன் மெசின் செய்கிறது. மூச்சுத் திணறல் இருப்பவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் கொடுக்கும். விலை மலிவு, நம் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிறது. அதற்குள் ஓடுவது ஊற்று. நாங்கள் வெளியிடுவதை அவர்கள் அப்படியே எடுத்து, வீடுகளில் ஓடுகிற மெசின்களிலும் போட்டுவிடுவார்கள். எங்கள் பெயர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கரண்ட் போனால் அந்த மெசின் பேட்டரியில் ஓடும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று எல்லோரும் குறைப்பட்டார்கள். சார்லஸ் அதற்கு ஒரு வழி செய்தான். பேட்டரியில் ஓடும்போது வேலையில்லாத பகுதிகளைத் தூங்க வைத்து, கரண்ட் வந்ததும் எழுப்பிவிடுவது. அழகான வேலை. பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்கியது. குழுவே கொண்டாடியது.

நான் படித்தேன், எப்போதும் படிப்பது போலத்தான். கரண்ட் ஒரு முறை போய் ஒரு முறை வந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அவன் மேஜையில் வைத்து அப்படித்தான் சோதித்திருந்தான். ஆனால் வந்த கரண்ட் உடனே போய், மறுபடியும் வந்தால், எழுந்திரு என்கிற உத்தரவு நடுவில் தொலைந்துபோகும். மோட்டார் நின்றுவிடும். விளக்கையும் அலாரத்தையும் பார்த்துக்கொள்கிற பகுதிக்கு அது தெரியவே தெரியாது. சத்தம் வராது, பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நம் பக்கத்தில் கரண்ட் எப்படி வந்துபோகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது எனக்கு எப்போது தெரியவந்தது என்று கேட்கிறீர்கள். படித்தபோதே தெரியும், மேடம். சந்தேகம் இருக்கக்கூடாது என்று, நான் சோதனைக்கு வைத்திருக்கும் சர்க்யூட் போர்டில் பிளக்கைப் பிடுங்கி, சொருகி, உடனே பிடுங்கி, மறுபடி சொருகிப் பார்த்தேன். நின்றுபோனது. அதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். அந்த வரியையும் எழுதி, சோதித்து, என் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டேன். பிறகு குழுவுக்குப் போய், 'படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

எனக்கு வேறு நோக்கம் எதுவும் இல்லை. கொண்டாட்டத்துக்கு நடுவில் ஒரு பிழை வெளியே வரட்டும், எல்லோரும் ஒரு நிமிடம் நிதானிக்கட்டும் என்று நினைத்தேன். அப்போது என் வரியை வெளியிட்டுச் சரிசெய்துவிடலாம். யாருக்கும் எதுவும் ஆகாது என்பதுதான் என் கணக்கு. கணக்கு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். எண்ணம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

ரிலீஸ் ஆகிச் சில வாரங்களில் பொன்னமராவதியிலிருந்து ஒரு அம்மா எழுதினார். பெயர் பரிமளா. மெசினின் பின்புறம் ஒட்டியிருந்த ஊற்றின் இமெயில் முகவரியைப் பார்த்து எழுதியிருந்தார். "சார், எங்க வீட்டுக்காரருக்கு இந்த மெசின் வச்சிருக்கோம். கரண்ட் வந்து ஒடனே போயிட்டு மறுபடி வந்தா மெசின் நின்னுருது. ஆனா பச்சை லைட்டு எரியுது. சத்தம் ஒண்ணும் வரலை. நாந்தான் தற்செயலா கைய வச்சுப் பாத்தேன். பயமா இருக்கு சார்."

எங்கள் குழுவில் பலருக்கு இவ்வளவு தெளிவாக ஒரு பிழையை விவரிக்கத் தெரியாது. அப்படி வருகிற புகார்களை நான்தான் முதலில் பார்ப்பேன். அன்றே என் வரியை வெளியிட்டிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தேன். அப்போது வெளியே தெரிந்தால் சார்லஸ் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவான். "அட, ஆமாங்க" என்பான். எவ்வளவு வேகம் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழும். எனவே அந்த அம்மாவுக்கு மரியாதையாகப் பதில் எழுதினேன். பேட்டரி பழசாகியிருக்கும், மாற்றிப் பாருங்கள் என்றேன். புகாரில், 'மறுபடி நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை' என்று குறித்து மூடிவிட்டேன்.

அவர் மறுபடியும் எழுதினார். "சார், நீங்க சொன்ன மாதிரியே பேட்டரிய மாத்துனோம். ஆனாலும் அவரு தவறிட்டாரு. தூங்குறாருன்னு நெனச்சுட்டேன். கம்பெனிக்காரங்க யாரும் எங்களுக்குப் பதில் போடலை, நீங்க ஒருத்தர்தான் மதிச்சுப் போட்டீங்க. மெசின் சும்மா கெடக்கு. கஷ்டப்படுறவங்க யாருக்காச்சும் குடுக்கலாமா சார்?"

அதே வாரம் சார்லஸ் குழுவில் கேட்டிருந்தான். அவனுடைய அப்பா பிச்சைமுத்து அரிசி ஆலையில் காலமெல்லாம் தவிட்டுத் தூசியில் நின்றவர். நுரையீரல் போய்விட்டது. சிலிண்டர் மாற்றி மாற்றி மாளவில்லை, யாரிடமாவது பழைய ஆக்சிஜன் மெசின் இருக்கிறதா என்று கேட்டிருந்தான். அவனுக்கு அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. அப்பாவும் மகனுமாக இருந்த வீடு.

பொன்னமராவதிக்கு நானே போய் மெசினை எடுத்துவந்தேன். பரிமளா அதைத் துடைத்து, மூக்குக் குழாயைப் புதிதாக வாங்கி மாட்டி வைத்திருந்தார். வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று காபி கொடுத்தார். வண்டியில் ஏற்றும்போது, "அவங்களாச்சும் நல்லா இருக்கட்டும் சார்" என்றார். அவங்க யார் என்று அவர் கேட்கவில்லை. என் நண்பனுடைய அப்பா என்று நானே சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

அந்த மெசினை அந்த வீட்டுக்குக் கொண்டுபோனதில் எனக்கு ஒரு நியாயம் இருந்தது. சார்லஸ் நாள் முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறான். மோட்டார் நின்றால் அவன் காதுக்குத் தெரியும், உடனே பார்ப்பான், தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பான். நான் எதுவும் சொல்லத் தேவையிருக்காது. யாருடைய மனமும் புண்படாது. இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தோன்றவில்லை.

மெசினை ஓடவிட்டதும் பிச்சைமுத்து அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, "அங்கிட்டு வெயில் அடிக்குது தம்பி, இங்கிட்டு வந்து உக்காருங்க" என்று கட்டிலில் இடம் விட்டார். "நீங்க ரெண்டு பேரும் பண்ணுன மெசினாம்ல? இவன் ராத்திரி பகலா அந்தப் பொட்டியத் தட்டிக்கிட்டு இருந்தப்ப என்னடா வேலை இதுன்னு வஞ்சிருக்கேன். இப்பத்தான் தெரியுது" என்றார். என் கையை அவர் விடவேயில்லை. நான் இருந்தபோதே கரண்ட் போனது, வந்தது, உடனே போனது, மறுபடி வந்தது. நான் மெசினையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடியது. எல்லாத் தடவையும் நிற்காது, அது அந்தப் பிழையின் இயல்பு. சார்லஸ் என் முகத்தைப் பார்த்து, "என்னடா அப்புடிப் பாக்குற, எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தான்.

அப்புறம் மழை இறங்கிய ஒரு மத்தியானம் அது நின்றது. ஓட்டு வீடு, மழை இரைச்சலில் மோட்டார் சத்தம் போனது காதில் விழவில்லை. அதை நான் யோசித்திருக்கவில்லை. சார்லஸ் கட்டிலுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். ஊற்றில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். இடையிடையே திரும்பிப் பார்த்திருக்கிறான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறான்.

"சூர்யா, அப்பா எந்திரிக்க மாட்டேங்குறாருடா" என்றுதான் ஃபோனில் சொன்னான். நான் உடனே கிளம்பிப் போனேன். சவப்பெட்டிக்குச் சொன்னது, ஃபாதரைப் போய்ப் பார்த்தது, கல்லறைக் குழி வெட்ட ஆள் பிடித்தது எல்லாம் நான்தான். அவனால் எதுவும் முடியவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவன் மெசினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். வேறு எதையும் செய்யவில்லை. நான் அந்த நாட்களிலும் என் வரியை வெளியிடவில்லை. சாவுக்கு மறுநாளே நான் வெளியிட்டால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவனே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவனுக்கு வெகு நாட்கள் ஆயிற்று. அந்த நாட்களில் மற்ற வீடுகளில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. யாரும் எழுதவில்லை.

கண்டுபிடித்த அன்று என்னை வரச் சொன்னான். தான் எழுதிய இடத்தைத் திரையில் காட்டினான். "நீயும் படிச்சியேடா, ஒனக்கும் தெரியலையா?" என்று கேட்டான்.

"எனக்கும் தெரியலைடா" என்றேன்.

இந்த விஷயத்தில் நான் அவனிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைக் கேட்டதும் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை. ஒனக்குத் தெரிஞ்சு விட்டுப்போயிருந்தா நீ எப்புடித் தாங்குவ?" என்றான். பிறகு குழுவுக்கு எழுதினான். பிழை முழுக்கத் தன்னுடையது, தன் அப்பா அதனால் இறந்தார், இனி ஊற்றில் ஒரு வரிகூட எழுதும் தகுதி தனக்கு இல்லை, சூர்யா தன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவன் என்று எழுதினான். அந்தக் கடைசி வார்த்தைகளைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. நம்பிக் கையெழுத்துப் போடுகிறவனாம். அதைப் பல நாட்டுக்காரர்கள் படித்தார்கள். யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் என் வரி வெளியானது. இவ்வளவு சீக்கிரம் சரிசெய்துவிட்டீர்களே என்று நன்றி சொன்னார்கள். போலந்துக்காரர் தன் யோசனையைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

சார்லஸை நான் கைவிடவில்லை. குழுவில் இருப்பவர்கள் அவனுக்கு எழுத வேண்டும், பேச வேண்டும் என்று கேட்டார்கள். இப்போது வேண்டாம், பழசைக் கிளறும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லோருக்கும் பதில் சொன்னேன். மணப்பாறையிலிருந்து அவன் சித்தி வந்து கூட்டிப்போகிறேன் என்றார். இடம் மாறினால் இன்னும் குழம்பிவிடுவான் என்று நான்தான் எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். பரிமளா அம்மா மெசின் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றேன். ஞாயிறுதோறும் போய்விடுவேன். அவன் கோவிலுக்கும் போவதில்லை இப்போது. அந்த மெசினைச் சுவரோரம் வைத்து, பிளக்கைப் பிடுங்குவான், சொருகுவான், பிடுங்குவான், சொருகுவான். என் வரி போட்ட மெசின் அது, இனி நிற்காது. அவன் நிற்கும் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

போன ஞாயிறு, "போலீஸ்ல போய்ச் சொல்லிட்டா மனசு ஆறும்போல இருக்குடா" என்றான். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்றேன். அவன் எழுதியதில் என்னைப் பற்றி மறுபடியும் அதே வாக்கியத்தை எழுதுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். சார்லஸ் தன் அப்பாவைக் கொல்லவில்லை. அவன் அந்தப் பிழையைப் பார்க்கவேயில்லை. பார்த்தவன் நான். பார்த்து, புரிந்து, சோதித்து, அதை உள்ளே விட்டவன் நான். பொன்னமராவதியில் ஒருவரைக் கொன்ற மெசின் என்று தெரிந்தே, அதைத் தூக்கிக்கொண்டுபோய் பிச்சைமுத்து அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தவனும் நான். இரண்டு பேரையும் கொன்றது நான் என்று போட்டுக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் என்னிடம் கொடுங்கள், ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்க்கிறீர்கள். அவனை உள்ளே கூப்பிடப் போகிறீர்கள் என்று தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், மேடம். இதை நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். வேறு யார் சொன்னாலும் அவன் தாங்கமாட்டான். இப்போது அவனுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை.